நீடியாவின் இடது வால்

நீடியா பாரியந்தோஸ் தன் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. மொஹாவி பாலைவனத்து விமானத் தளத்தில் வேலை பார்த்தவள், வானத்தின் மேல்விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும் விண்விமானத்துக்கு வால் செய்து கொடுத்தவள், எல்லைக்கு அப்பால் சிவாவாவில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் பேருந்தில்தான் போவாள். பாலைவனம் முழுக்கக் குலுங்கிப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவாள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான்.

"எவனோ ஒட்டினதுல நான் எதுக்கு ஏறணும்? அவன் ஒட்டுறப்ப நான் பக்கத்துல நின்னேனா?"

இதைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்டால், திமிர்தான், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த திமிர் என்பேன்.

பிறந்தது பக்கத்து ஊரான போரானில். அப்பா வெண்காரச் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். கல்யாணம் சீக்கிரம் ஆகி, ஆன வேகத்திலேயே முறிந்தும் போனது. மகள் யெசேனியாவை வளர்த்து நர்ஸ் படிப்பு படிக்கவைத்ததெல்லாம் லங்காஸ்டரில் இருந்த குளியல் தொட்டித் தொழிற்சாலை தந்த வேலைதான். கண்ணாடி நாரையும் பிசினையும் அச்சில் பதித்துத் தொட்டி வார்க்கும் வேலை. அது மூடப்பட்ட சமயம் எங்கள் பட்டறையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விண்விமானமும் அச்சில் துணி பதித்துச் செய்வதுதானே, அங்கே கண்ணாடி நார், இங்கே கரிநார் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றாள்.

மேஸ்திரி லெராய் ஸ்டைல்ஸ் அவளைப் பார்த்த அன்றே 'தொட்டிக்காரி' என்று பேர் வைத்துவிட்டார். லெராயின் தாத்தா ஒக்லஹாமாவிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர். பேரனுக்கோ இந்தப் பாலைவனமே தன் குடும்பச் சொத்து என்ற நினைப்பு. நல்ல மனுஷர், கூர்மையான கண். ஆனால் தன் கண்ணைப் பற்றி அவருக்கே ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம்.

"தொட்டிக்காரி, இதுல தண்ணி நிக்கக் கூடாது, ஆகாசத்துல பறக்கணும், ஞாபகம் இருக்கட்டும்" என்பார்.

"நான் செஞ்ச தொட்டி ஒண்ணுகூட ஒழுகினதில்ல லெராய். உன் காப்பிக் கோப்பைதான் சட்டையெல்லாம் ஒழுகுது" என்பாள் அவள், தலை நிமிராமல்.

என் பேர் கஸ். அந்தப் பட்டறையில் அடுப்பு என் பொறுப்பு. அவர்கள் அச்சில் பதித்துத் தருவதை உறையிலிட்டுக் காற்றை உறிஞ்சி, பெரிய அடுப்பில் வைத்து இறுகவைப்பேன். பேச்சில் நுழையாமல் ஓரமாக நின்று காப்பி குடிப்பவனுக்கு எல்லாம் காதில் விழும். அதனால்தான் இந்தக் கதை என்னிடம் இருக்கிறது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். கரிநார்த் துணி பிசினில் தோய்ந்தே வரும், தொட்டால் ஒட்டும். அதனால் அதன்மேல் மெல்லிய நீலத்தாள் ஒன்று ஒட்டியிருக்கும். தாளை உரித்துவிட்டுத் துணியை அச்சில் பதிக்க வேண்டும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. உரிக்கும்போது நீலத்தாளின் ஒரு மூலை கிழிந்து உள்ளேயே தங்கிவிட்டால் போச்சு. அந்த இடத்தில் துணியும் துணியும் ஒட்டாது. வெளியே தடவிப் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். மேலே போய், ராக்கெட் உதைக்கும்போது, அங்கிருந்துதான் பிரியும்.

அதனால் பட்டறையில் ஒரு சுவரையே இதற்காக ஒதுக்கியிருந்தோம். தோல்சுவர் என்று பேர். உரித்த ஒவ்வொரு நீலத்தாளையும் அதில் விரித்து ஒட்டிவைக்க வேண்டும். கடைசியில் பதித்தவர் அல்லாத இன்னொருவர் வந்து, எல்லாத் தாளும் மூளியில்லாமல் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உறை மூடும். விண்விமானத்துக்கு இடதும் வலதுமாக இரண்டு வால். இடது வாலை நீடியா பதித்தாள். சுவரை லெராய் பார்த்தார். எல்லாம் முழுசு என்றார்.

அந்த வருஷம் எங்கள் முதலாளிக்குத் தலைக்குமேல் அவசரம். இலையுதிர்காலம் முடிவதற்குள் ஆளோடு விண்விமானத்தை மேலே அனுப்பிக் காட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஓட்டப் போகிறவர் டாய்ல் ஹட்செல். கடற்படையில் சோதனை விமானியாக இருந்தவர். தாய் விமானம் என்று இன்னொன்று விண்விமானத்தை வயிற்றில் சுமந்துபோய் உயரத்தில் விட்டுவிடும். பிறகு அவர் ராக்கெட்டைப் பற்றவைத்துச் செங்குத்தாக ஏறி, வானம் கறுக்கும் இடத்துக்குப் போய், கொஞ்ச நேரம் எடையில்லாமல் மிதந்து, அணைந்த ராக்கெட்டோடு பருந்து மாதிரி வட்டமிட்டு இறங்கி, கிளம்பிய ஓடுபாதைக்கே வந்து சேர வேண்டும். வால் பிய்ந்தால் வட்டமும் கிடையாது, ஓடுபாதையும் கிடையாது.

வாலை அடுப்பில் வைத்த மறுநாள் காலை நீடியா தோல்சுவரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். அவள் குரல் சரியில்லை. கையில் ஒரு நீலத்தாள். அதில் ஒரு மூலை இல்லை. உள்ளங்கை அளவுக்குக் கிழிந்திருந்தது.

முந்தின நாள் லெராய் சுவரைப் பார்த்த பிறகு, வாலை அடுப்புக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகப் பெரிய கதவைத் திறந்தோம். மொஹாவியில் சாயங்காலம் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று உள்ளே புகுந்து சுவரையே உலுக்கியது. தாள்கள் சில பிய்த்துக்கொண்டு பறந்தன, ஓடிப் பிடித்து மறுபடி ஒட்டினோம். அப்போதுதான் கிழிந்திருக்கும், காற்றுதான் கொண்டுபோயிருக்கும், பேசாமல் குப்பையில் போடு என்றேன். நியாயமான பேச்சு. நான் பேசினதில் தப்பே இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

"காத்து கொண்டுபோனதை நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை.

அவள் தாளைக் கொண்டுபோய் லெராயின் மேஜைமேல் வைத்தாள். அவளையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத விஷயம். வைக்காமலே இருந்திருக்கலாம்.

அன்றைக்குப் பட்டறையே வெளியே போய்த் தேடியது. வேலியோரம் முட்செடிகளுக்குள் தலையைவிட்டு, மண்டியிட்டு, உருண்டு வந்து குவிந்திருந்த காய்ந்த புதர்களைக் கிளறி, ஓய்வுபெற்ற பழைய விமானங்கள் நிற்கும் மைதானம் வரைக்கும் தேடினோம். பை கிடைத்தது, தொப்பி கிடைத்தது, யாரோ தொலைத்த பல்செட்டுகூடக் கிடைத்தது. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள், என்ன, வைரத்தைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டுச் சிரித்தார்கள். நீல மூலை மட்டும் அகப்படவில்லை.

பிறகு ஒலிக்கருவியை வைத்து வாலைச் சோதித்தார்கள். எல்லா இடமும் நன்றாகவே இருந்தது. ஒரே ஓர் இடத்தில்தான், வால் உடம்போடு சேரும் அடித்தண்டில், உள்ளே நிரப்பிய நுரைப் பொருளும் பசையும் அடர்ந்திருந்ததால் கருவி ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தக் கிழிந்த தாள் உரிக்கப்பட்டதும் அந்த இடத்தில்தான். லெராய் சாட்சி சொல்கிறார், கருவியும் வாலில் குறை என்று சொல்லவில்லை, போதும் என்று இன்ஜினியர்கள் முடிவு செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் பட்டறையில் இன்னொரு வழக்கம் இருந்தது. வாலை உடம்போடு சேர்த்து மூடுவதற்கு முன்னால், செய்தவர் உள்பக்கத்தில் தன் பேரை எழுத வேண்டும். மூடிய பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பேனாவைக் கொண்டுவருவது ஓட்டப் போகிறவர். சட்டம் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பேர் இல்லாத எதிலும் டாய்ல் ஏறி உட்கார மாட்டார், அது எல்லோருக்கும் தெரியும்.

டாய்ல் வந்தார். வெள்ளைப் பேனாவை நீட்டினார். முதலாளியும் வந்திருந்தார், லெராய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீடியா பேனாவை வாங்கினாள், மூடியைத் திறந்தாள், வாலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் மூடியைப் போட்டு, பேனாவை டாய்லின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"என்னால முடியாது" என்றாள்.

லெராயின் முகம் சிவந்தது. "நான் என் கண்ணால பார்த்தேன்னு சொல்றேன்ல? என் கண்ணை நம்ப மாட்டியா?"

"உன் கண்ணை நம்பறேன் லெராய். காணாமப் போன மூலையைத்தான் நம்ப முடியல."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"இருக்கட்டும். உள்ள உக்காரப் போறது நீயும் இல்ல, நானும் இல்ல."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை. அவர் கத்தவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நிதானமாகக் கேட்டார். "நீடியா, அடித்தண்டை வெட்டினா வால் போச்சு. புதுசு பண்ணணும். இந்த சீசனே போயிடும். வெட்டிப் பார்த்து உள்ள ஒண்ணும் இல்லேன்னா?"

"ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சிரும்."

இந்தப் பேச்சோடு அவளுடைய வேலை போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். டாய்ல் அவளைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "வெட்டிடுங்க" என்றார்.

ரம்பத்தை எடுத்தது லெராய்தான். கோபத்தில் எடுத்தார், ஆனால் வெட்டியதென்னவோ அழகாக. அடித்தண்டைத் துண்டாக எடுத்து மேஜையில் வைத்து, உளியை நுழைத்து அடுக்கடுக்காகப் பிரித்தோம். பிரிய மறுத்தது. ஒவ்வோர் அடுக்கும் நார் நாராகக் கிழிந்துதான் வந்தது. அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்தது. கரித்தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. கடைசி அடுக்கு வரைக்கும் போனோம்.

நீலம் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

அற்புதமான வால் அது. பட்டறையில் அதுவரை செய்ததிலேயே நல்ல வால். அதை நாங்களே கொத்திப் போட்டிருந்தோம்.

லெராய் உளியைக் கீழே வைத்தார். "திருப்தியா?" என்று கேட்டார்.

"திருப்தி" என்றாள் நீடியா. சொல்லிவிட்டு வெளியே போய்த் தன் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவமானமாக இருக்கிறது என்றாள். எல்லார் உழைப்பையும் நாசம் பண்ணிவிட்டேன் என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நாளைக்கே இது திரும்ப நடந்தாலும் வெட்டத்தான் சொல்வேன், கஸ். என்னை மாத்த முடியாது" என்றாள். அழுகிற வாயிலும் அந்தத் திமிர் போகவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் பேர் மாறியது. தொட்டிக்காரி போய்க் கோடாலி வந்தது. அவள் உள்ளே நுழைந்தால், "கோடாலி வருது, எல்லாரும் வாலைச் சுருட்டிக்கங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். முதல் சில நாள் அதில் கசப்பு இருந்தது. அப்புறம் அவள் சோளமாவில் இறைச்சி பொதிந்து அவித்த தமாலே கொண்டுவந்து, கோடாலி என்று கூப்பிட்டவனுக்குக் கிடையாது என்று அறிவித்தாள். கசப்பு பாதி குறைந்தது. லெராய் மட்டும் வேலைப் பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொன்னதுதான் சரியென்று ஆகிவிட்டதே. காற்றுதான் கொண்டுபோயிருந்தது. சரியாகச் சொன்ன மனுஷனின் சொல்லைக் கேட்காமல் ரம்பத்தைக் கேட்டார்கள் என்பதுதான் அவர் புண். அதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

நீடியா மறுபடி முதலிலிருந்து பதித்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வால்தான். லெராய் தோல்சுவருக்கு முன்னால் கண்ணாடிப் பலகை அடித்துவைத்தார், காற்று வந்தாலும் ஒரு தாள் அசையாதபடி. ஒவ்வொரு தாளின் ஒவ்வொரு மூலையிலும் விரலை வைத்துப் பார்த்தார். முடித்ததும் அவளிடம் ஒன்றும் சொல்லாமல், என்னிடம், "முழுசுன்னு சொல்லு அந்தம்மாகிட்ட" என்றார். அந்தம்மா ஒரு கை தூரத்தில்தான் நின்றாள்.

டாய்ல் பேனாவோடு வந்தபோது நீடியா உடனே எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை லெராயிடம் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. காப்பி ஆறுது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

வசந்தம் வந்து, காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு நாளில் விமானம் கிளம்பியது. விடியும் முன்பே ஊர் மொத்தமும் வேலியோரம் வந்துவிட்டது. எள் போட்டால் எள் விழாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சூடான புரீட்டோ ரொட்டிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர்களுக்கு ஒலிபெருக்கி வண்டிக்குப் பக்கத்தில் இடம். டாய்லுக்கும் தரைக்கும் நடக்கும் பேச்சு அதில் கேட்கும். நீடியா என் பக்கத்தில் நின்றாள். புரீட்டோவைப் பிரிக்கவே இல்லை. லெராய் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

தாய் விமானம் புள்ளியாகி மறைந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, விட்டுவிட்டோம் என்று குரல் வந்தது. நீல வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று முளைத்து, நேராக மேலே ஏற ஆரம்பித்தது. சனங்கள் கைதட்டினார்கள். நீடியா கைதட்டவில்லை.

பாதி ஏறியிருக்கும். ஒலிபெருக்கியில் டமார் என்று ஒரு சத்தம், டாய்லின் பேச்சுக்கு நடுவில். கைதட்டல் நின்றது.

தரையிலிருந்து இன்ஜினியரம்மாவின் குரல் வந்தது. பதறாமல் பேசத்தான் பார்த்தாள். "டாய்ல், இடது வால்ல அதிர்வு காட்டுது. ராக்கெட்டை அணைக்கணுமா?"

நீடியாவின் கை என் தோளைப் பிடித்தது. அந்தப் பிடியின் வலி இன்னும் நினைவிருக்கிறது. அணைத்தால் உயிரோடு திரும்பலாம், ஆனால் அந்த உயரம் கிடைக்காது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அணைக்காமல் விட்டு, வால்தான் பிய்கிறது என்றால், டாய்ல் இல்லை. அவள் உதடு அசைந்தது. ஜெபம் இல்லை. பதித்த அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாய்லின் குரல் வந்தது. நெஞ்சில் பாரம் அழுத்த, திணறித் திணறி, ஆனால் தெளிவாக.

"சத்தம் எனக்கும் கேட்டுது. பிடி கையில ஆடல, நேராத்தான் போறேன். இடது வால் நீடியாவோடது. வேற எங்கயாவது பாருங்க."

அணைக்கவில்லை. வெள்ளைக் கோடு ஏறிக்கொண்டே போய், மெலிந்து, ஒரு இடத்தில் நின்றது. ராக்கெட் தானாக எரிந்து தீர்ந்திருந்தது. வானம் கறுப்பாக இருக்கிறது என்று டாய்ல் சொன்னார். வேறொன்றும் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை போலும்.

அவர் வட்டமிட்டு இறங்கி ஓடுபாதையைத் தொடும்வரை நீடியா என் தோளை விடவில்லை. தொட்டதும் விட்டுவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ராக்கெட்டின் வாயைச் சுற்றியிருந்த மெல்லிய மூடித் தகடு, சூட்டில் கஞ்சிக் கிண்ணம் மாதிரி உள்ளே அமுங்கிப் போயிருந்தது. அது அமுங்கிய சத்தம்தான் டமார். பக்கத்தில் இருந்த உணர்கருவி அந்த அதிர்ச்சியை வாலின் கணக்கில் எழுதிவிட்டது. வாலுக்கு ஒரு கீறல் இல்லை.

விமானத்திலிருந்து இறங்கிய டாய்ல் முதலாளியைக் கட்டிப்பிடித்தார், எல்லாருக்கும் கை கொடுத்தார். நீடியாவிடம் வந்தபோது கொஞ்சம் நின்றார்.

"முதல் வாலை வெட்டாம அனுப்பியிருந்தா, அந்தச் சத்தம் கேட்ட உடனே அணைச்சிருப்பேன்" என்றார். "அந்த மூலைதான் ஞாபகத்துக்கு வந்திருக்கும்."

அப்போது பின்னாலிருந்து லெராயின் குரல் கேட்டது. குளிர்காலம் முழுக்க அவளிடம் பேசாத மனுஷன்.

"நீடியாவோடதாம். அந்தச் சுவரை மூலை மூலையா தடவிப் பார்த்தது நான். என் பேரையும் சேர்த்துச் சொன்னா வாய் வலிக்குமாடா டாய்ல்?"

நீடியா திரும்பிப் பார்த்தாள். "பேனாவை நீட்டினேன்ல? காப்பி ஆறுதுன்னு போனது யாரு?"

லெராய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதற்குள் விமானத்தைக் கொட்டகைக்குள் இழுத்துவிட்டார்கள், அமுங்கிய தகட்டை மாற்றப் பின்பக்கத்தைத் திறந்தாயிற்று, வாலின் உள்பக்கமும் கைக்கு எட்டியது. அவர் விறுவிறுவென்று போய் டாய்லின் சட்டைப் பையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். வாலின் வாய்க்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு எதையோ எழுதினார். நீடியா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேருக்குப் பக்கத்துலயா எழுதுற?" என்று கேட்டாள்.

"பின்ன? இந்த வால்ல வேற எங்க எழுதறது?" என்றார் லெராய்.